ஒன்றரை லட்சம் கிலோமீட்டர் ஓடிய கம்பெனி கார்: எல்லை தாண்டி வாங்கலாமா?

கேரளத்தில் பாலக்காட்டை ஒட்டிய கஞ்சிக்கோடு தொழிற்பேட்டையில் ஒரு நிறுவனம் தன் பழைய கார்களைக் கழிக்கிறது என்றால், அந்தத் தகவல் வாளையாற்றைத் தாண்டி கோவைக்கும் பொள்ளாச்சிக்கும் வந்து சேர அதிக நேரம் ஆவதில்லை. எதிர்த்திசையிலும் இப்படித்தான். கோவை ஆலைகள் விற்கும் கார்களுக்கு பாலக்காடு மாவட்டத்தின் கொழிஞ்சாம்பாறையிலும் சித்தூரிலும் வாங்க ஆள் உண்டு. ஐந்து வயது, சிங்கிள் ஓனர், கம்பெனி சர்வீஸ், மீட்டரில் ஒன்றரை லட்சம். குறைவாக ஓடிய அதே மாடலைவிட விலை நன்றாகவே குறைவு.

இப்போது குழப்பம் கூடியதற்குக் காரணம், அடுத்தடுத்து வந்த மூன்று செய்திகள். 2025 ஜனவரியில் பழைய கார் விற்பனைக்கு 18 சதவீத ஜிஎஸ்டி என்று வந்தது. அதே ஆண்டு செப்டம்பர் 22 முதல் புதுக் கார்களின் ஜிஎஸ்டி குறைந்தது. நடுவில், பத்து வருட டீசல் வண்டிகளுக்கு டெல்லியில் பெட்ரோல் பங்கிலேயே தடை என்ற பேச்சு. மூன்றும் சேர்ந்து, "பழைய வண்டி வாங்குவது புத்திசாலித்தனமா?" என்ற கேள்வியைப் பலரிடம் கிளப்பியிருக்கின்றன.

முடிவை முதலிலேயே சொல்லிவிடலாம். அதிகம் ஓடிய கம்பெனி காரை வாங்கலாம், இரண்டு நிபந்தனைகளோடு. ஒன்று, அந்த ஓட்டத்துக்கு முதல் சர்வீஸிலிருந்து கடைசி வரை காகித ஆதாரம் இருக்க வேண்டும். இரண்டு, எல்லை தாண்டும் செலவையும் முதல் வருடப் பழுதுச் செலவையும் கூட்டிய பிறகும் விலை குறைவாக நிற்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்த வண்டியை விட்டுவிடலாம். ஏன் என்பதை அடிப்படையிலிருந்து பார்ப்போம்.

'கம்பெனி கார்' என்பது ஒரே வகை அல்ல

விற்பவர் 'கம்பெனி வண்டி' என்று சொன்னதும் ஆர்சியை, அதாவது பதிவுச் சான்றை, வாங்கிப் பார்க்க வேண்டும். அந்தப் பெயருக்குள் குறைந்தது நான்கு வகை இருக்கிறது.

1. நிறுவனத்தின் பெயரிலேயே ஓன் போர்டாக (சொந்த உபயோகத்துக்கான வெள்ளைப் பலகை) பதிவான கார். மேலாளர்களும் விற்பனைப் பிரிவினரும் ஓட்டியது. நாம் தேடுவது பெரும்பாலும் இதைத்தான்.

2. லீஸ் கார். ஓட்டியது ஒரு கம்பெனி, உரிமை இன்னொரு நிதி நிறுவனத்துக்கு. விற்கும் அதிகாரம் யாருக்கு என்பது ஆர்சியில் உள்ள பெயரைப் பொறுத்தது. வண்டியை ஓட்டிய கம்பெனியோடு மட்டும் பேசி முடித்தால் பிறகு சிக்கல்.

3. ஊழியர்களை ஏற்றி இறக்க ஒப்பந்தத்தில் ஓடிய டி போர்டு, அதாவது வாடகை வண்டி. மஞ்சள் பலகை. மூன்று ஷிப்ட், மூன்று டிரைவர். பெர்மிட்டை ஒப்படைத்து, வரி வித்தியாசம் கட்டி ஓன் போர்டாக மாற்றிய பிறகு வெள்ளைப் பலகையோடு சந்தைக்கு வரும். பலகை மாறினாலும் வண்டி பட்ட பாடு மாறாது. ஆர்சியின் பழைய வரலாற்றை ஆர்டிஓ ஆபீஸில் கேட்டால் தெரிந்துவிடும்.

4. ஊழியரே தன் பெயரில் வாங்கி, அலுவலக வேலைக்கு ஓட்டிய கார். இதில் சில, மாநிலம் விட்டு மாநிலம் மாற்றலாகும் ஊழியர்களுக்கான பிஎச் (பாரத்) வரிசை எண்ணில் இருக்கும். அந்த வரிசைக்கு வரி இரண்டிரண்டு ஆண்டாகக் கட்டப்படுகிறது. அதற்குத் தகுதியில்லாத ஒருவர் வாங்கினால் சாதாரண மாநில எண்ணுக்கு மாற்றி, அதற்கான வரியைக் கட்ட வேண்டும்.

இனி வரும் பேச்சு முதல் வகையைப் பற்றியது. மூன்றாவது வகையைக் குடும்பத்துக்கு வாங்க வேண்டாம் என்பதே என் கருத்து, விலை எவ்வளவு குறைந்தாலும்.

கிலோமீட்டரை மணிநேரமாக மாற்றிப் பாருங்கள்

மீட்டர் காட்டுவது தூரம் மட்டும். என்ஜின் தேய்வது எத்தனை மணிநேரம் ஓடியது, எத்தனை முறை குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் ஆனது என்பதைப் பொறுத்தும்தான். ஒரு சின்னக் கணக்கு போடுவோம்.

ஐந்து ஆண்டில் ஒன்றரை லட்சம் என்றால் ஆண்டுக்கு 30,000 கிலோமீட்டர். வேலை நாள் 300 என்று வைத்தால் நாளுக்கு 100 கிலோமீட்டர். பாலக்காட்டிலிருந்து திருச்சூர் பக்கம் தேசிய நெடுஞ்சாலை 544-ல் போய்வந்த வண்டி சராசரியாக மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் ஓடியது என்றால், மொத்தம் 3,000 மணிநேரம். அதே வயதில் கோவை நகருக்குள் மட்டும் ஓடி, மீட்டரில் 60,000 மட்டும் காட்டும் காரை எடுத்துக்கொள்ளுங்கள். சிக்னல், நெரிசல் எல்லாம் சேர்த்து சராசரி வேகம் 18 என்றால் அதன் என்ஜின் ஓடியது 3,333 மணிநேரம். மீட்டரில் பாதிக்கும் குறைவு, உழைப்பில் சற்றே அதிகம்.

நெடுஞ்சாலை வண்டிக்கு இன்னொரு சாதகமும் உண்டு. காலையில் ஒரு ஸ்டார்ட், மாலையில் ஒரு ஸ்டார்ட். என்ஜின் ஆயில் முழுச்சூட்டில் நீண்ட நேரம் ஓடும். கிளட்ச், பிரேக், கியர் மூன்றுக்கும் வேலை குறைவு. பாலக்காட்டுக் கணவாய் வழி பெரும்பாலும் சமதளம். குதிரான் மேடு ஒன்றுதான் பழைய தொல்லையாக இருந்தது. அங்கே 2021 ஜூலை கடைசியில் முதல் சுரங்கப்பாதையும் 2022-ல் இரண்டாவதும் திறந்த பிறகு அதுவும் தீர்ந்தது.

இதே தர்க்கம் எதிர்ப்பக்கமும் வெட்டும். ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள். அந்த மலையில் எஸ்டேட் நிர்வாகத்துக்காக 70,000 ஓடிய வண்டியின் கிளட்ச்சும் பிரேக்கும் ஸ்டீயரிங் இணைப்புகளும் கணவாயில் ஒன்றரை லட்சம் ஓடியதைவிட மோசமாக இருக்கலாம். நெல்லியாம்பதி, மூணாறு வண்டிகளுக்கும் இதே பேச்சு. அதனால் 'எவ்வளவு ஓடியது' என்ற கேள்வியோடு 'எங்கே ஓடியது' என்பதையும் கட்டாயம் கேட்க வேண்டும்.

மீட்டரில் ஏறாத உழைப்பு ஒன்று இருக்கிறது. அதிகாரி கூட்டத்தில் இருக்கும்போது டிரைவர் ஏசி போட்டு இரண்டு மணிநேரம் வண்டியிலேயே உட்கார்ந்திருப்பார். கம்பெனி டீசல், யாரும் கேட்கமாட்டார்கள். இப்படிப்பட்ட வண்டியைப் பின் இருக்கையே காட்டிக்கொடுக்கும். பின்பக்க இடது இருக்கை அமுங்கி, அந்தப் பக்கக் கதவின் கைப்பிடி தேய்ந்திருந்தால் டிரைவர் வைத்து ஓட்டிய வண்டி. டிரைவர் இருக்கை மட்டும் தேய்ந்து மற்ற மூன்றும் புதிதாக இருந்தால் விற்பனைப் பிரதிநிதி தனியாக ஓட்டிய வண்டி. பின்னதே பெரும்பாலும் நல்லது.

மீட்டரை எப்படிச் சோதிப்பது

டிஜிட்டல் மீட்டர் என்பதால் மாற்ற முடியாது என்று நினைப்பது தவறு. லேப்டாப்பும் ஒரு கருவியும் இருந்தால் எண்ணைக் குறைத்துவிடலாம். கம்பெனி கார் இந்த விஷயத்தில் தனியார் காரைவிட மேல். கணக்குப் பிரிவு என்று ஒன்று இருப்பதால் ஒவ்வொரு செலவுக்கும் பில் இருக்கும். அந்த பில்களைக் கேட்டு வாங்குங்கள். 'அதெல்லாம் இல்லை' என்று ஒரு நிறுவனம் சொன்னால், அதுவே முக்கியமான பதில்.

1. சர்வீஸ் வரலாறு. அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் ஒவ்வொரு முறையும் தேதியும் கிலோமீட்டரும் பதிவாகும். இரண்டையும் ஒரு தாளில் வரிசையாக எழுதுங்கள். ஏற்றம் ஓரளவு சீராக இருக்க வேண்டும். எங்கேயாவது எண் பின்னால் போயிருந்தால் பேச்சை அங்கேயே முடித்துவிடலாம். 2019-லோ அதற்கு முன்போ பதிவான வண்டி என்றால், 2020 மார்ச் 25-ல் தொடங்கிய ஊரடங்கு மாதங்களில் ஓட்டம் படுத்திருக்க வேண்டும். அப்போதும் மாதம் 2,500 ஏறியிருந்தால் அது எதற்காக ஓடியது என்று கேளுங்கள்.

2. பாஸ்டேக் பட்டியல். இதைப் பலர் கேட்பதே இல்லை. 2021 பிப்ரவரி நடுவிலிருந்து சுங்கச்சாவடிகளில் பாஸ்டேக் கட்டாயம். பாலக்காடு-திருச்சூர் நெடுஞ்சாலையின் பன்னியங்கரை, திருச்சூரைத் தாண்டிய பாலியேக்கரை சாவடிகளை வண்டி எந்தத் தேதியில் எத்தனை முறை கடந்தது என்பது அந்தக் கணக்கில் இருக்கும். நெடுஞ்சாலை வண்டி என்று விற்பவர் சொல்வது உண்மையா என்று இதைவிடத் தெளிவாக வேறெதுவும் சொல்லாது.

3. டயரின் பிறந்த தேதி. பக்கச் சுவரில் நான்கு இலக்கம் இருக்கும். 2321 என்றால் 2021-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரம். மீட்டர் 45,000 காட்டுகிறது, டயர்கள் மூன்றாவது செட் என்றால் கணக்கு இடிக்கிறது.

4. ஸ்கேனர். வண்டியின் கணினியோடு பேசும் ஓபிடி சாக்கெட்டில் மாட்டினால், பழுதுக் குறியீடுகளைக் கடைசியாக அழித்த பிறகு வண்டி எவ்வளவு தூரம் ஓடியது என்பது தெரியும். அது 12 கிலோமீட்டர் என்று வந்தால், நேற்று யாரோ எதையோ அழித்திருக்கிறார்கள். சில மாடல்களில் கியர் பெட்டி, ஏபிஎஸ் போன்றவற்றின் கணினிகளிலும் ஓடிய தூரம் தனியாகச் சேமிக்கப்பட்டிருக்கும். மீட்டரோடு ஒப்பிடலாம்.

பெடல் ரப்பர், கியர் குமிழ், ஸ்டீயரிங் தேய்மானம் இவையும் பேசும்தான். ஆனால் நூற்றுக்கணக்கான ரூபாயில் மாற்றக்கூடிய பொருள்கள் என்பதால் அவற்றை மட்டும் நம்ப வேண்டாம்.

ஒன்றரை லட்சத்தில் எது காத்திருக்கிறது

உயர்ந்த கிலோமீட்டரில் என்ஜின் 'போய்விடும்' என்ற பயம் பெரும்பாலும் மிகை. நேரத்துக்கு ஆயில் மாற்றிய இன்றைய என்ஜின்கள் இரண்டரை லட்சம் தாண்டுவது சாதாரணம். பணம் போவது என்ஜினைச் சுற்றியுள்ள பாகங்களில்.

முதலில் டைமிங் பெல்ட். என்ஜினின் மேல்பகுதியும் கீழ்ப்பகுதியும் ஒரே தாளத்தில் சுற்ற இந்த ரப்பர் பட்டைதான் காரணம். பழைய 2.5 லிட்டர் டீசல் இன்னோவாவில் இதை ஒன்றரை லட்சம் கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். விற்பவர் சரியாக 1,48,000-ல் வண்டியைக் கழிக்கிறார் என்றால் அந்தச் செலவு உங்கள் தலையில் விழப்போகிறது. மாற்றாமல் ஓட்டி அறுந்தால் வால்வும் பிஸ்டனும் மோதி என்ஜினே போகும். 'மாத்தியாச்சு' என்ற வாய்வார்த்தை போதாது, பில் வேண்டும். செயின் வைத்த என்ஜின்களுக்கு இந்தக் கெடு இல்லை. ஆனால் ஆயில் மாற்றத் தவறிய வண்டியில் செயின் தளர்ந்து, காலை முதல் ஸ்டார்ட்டில் கடகடவென்று சத்தம் தரும்.

அந்தச் சத்தத்தைக் கேட்க வேண்டுமானால் வண்டி குளிர்ந்திருக்க வேண்டும். நீங்கள் வருவதற்கு முன் ஸ்டார்ட் செய்ய வேண்டாம் என்று சொல்லிவிட்டுக் காலையில் போங்கள். பானெட்டைத் தொட்டுப் பாருங்கள். சூடாக இருந்தால் இன்னொரு நாள் வாருங்கள். புகை நீலமாக வந்தால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகை என்ஜின் சூடான பிறகும் நிற்காவிட்டால் கூலன்ட் (என்ஜினைக் குளிர்விக்கும் திரவம்) உள்ளே போகிறது. டீசலில் கரும்புகை தொடர்ந்தால் இன்ஜெக்டர் அல்லது டர்போ பக்கம் பார்க்க வேண்டும்.

கிளட்ச்சுக்கு எளிய சோதனை. சமதளத்தில் கைப்பிரேக்கை இழுத்து, மூன்றாவது கியர் போட்டு, கிளட்ச்சை மெதுவாக விடுங்கள். என்ஜின் உடனே அணைய வேண்டும். அணையாமல் உறுமினால் கிளட்ச் வழுக்குகிறது.

நம் வட்டாரத்துக்கே உரிய ஒரு பிரச்சினை தண்ணீர். கூலன்ட்டுக்குப் பதிலாக போர்வெல் தண்ணீரை ரேடியேட்டரில் ஊற்றும் பழக்கம் டிரைவர்களிடம் உண்டு. உப்பும் சுண்ணாம்பும் படிந்து நீர்ப்பாதை அடைக்கும். கூலன்ட் டப்பாவில் நிறம் பச்சையாகவோ சிவப்பாகவோ தெளிவாக இருக்க வேண்டும். துருநிறத்தில் கலங்கியிருந்தால் அடுத்த கோடையில் என்ஜின் கொதிக்கும்.

2020 ஏப்ரல் 1-க்குப் பிறகு வந்த பிஎஸ்6 (புகை அளவுக்கான புதிய விதி) டீசல்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் வடிகட்டி இருக்கிறது. அது சேர்த்த கரியை எரித்துச் சுத்தமாக நெடுஞ்சாலைச் சூடு வேண்டும். ஆக, தினமும் நூறு கிலோமீட்டர் ஓடிய கம்பெனி டீசலில் அது நல்ல நிலையில் இருக்க வாய்ப்பு அதிகம். நீங்கள் வாங்கிய பிறகு பள்ளிக்கூடம், காய்கறிக் கடை என்று மூன்று கிலோமீட்டர் ஓட்டத்துக்கு மட்டும் வைத்தால் அதே வடிகட்டி அடைத்துக்கொள்ளும். அப்படிப்பட்ட தேவைக்கு பெட்ரோல் வண்டிதான் சரி.

பெட்ரோலுக்கு இ20 கேள்வி இருக்கிறது. 20 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலைத் தாங்கும் ரப்பர், உலோகப் பாகங்களோடு கார்கள் வரத் தொடங்கியது 2023 ஏப்ரலிலிருந்து. அதற்கு முந்தைய வண்டி என்றால் எரிபொருள் குழாய்கள், சீல்கள் ஆகியவற்றைச் சோதித்து, தேவையானால் மாற்றும் செலவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். மைலேஜ் சற்றுக் குறையும் என்பதையும்தான்.

டெல்லிச் செய்தி பற்றி ஒரே வரி: பத்து வருட டீசல், பதினைந்து வருட பெட்ரோல் என்ற வரம்பு தலைநகர் வட்டாரத்துக்கானது, தமிழ்நாட்டுக்கோ கேரளத்துக்கோ இல்லை.

வெள்ளத்தில் நின்ற வண்டியா?

2018 ஆகஸ்ட் வெள்ளத்தில் ஆலுவா, சாலக்குடி, செங்கன்னூர் பக்கம் ஏராளமான கார்கள் மூழ்கின. 2019 ஆகஸ்டிலும் வெள்ளம் வந்தது. அந்த ஆண்டுகளுக்கு முன் பதிவான கேரள வண்டி என்றால் இந்தச் சோதனையை விடாதீர்கள். சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள், அடிப்பகுதியில் சேற்றுக்கறை இருக்கிறதா? முன் இருக்கையின் அடியில் உள்ள போல்ட்டுகள் துருப்பிடித்திருக்கின்றனவா? தரைவிரிப்பைத் தூக்கி மோந்து பாருங்கள். டேஷ்போர்டுக்குக் கீழே பியூஸ் பெட்டியில் மண் படிந்திருந்தால், மின்கோளாறு இன்றில்லாவிட்டாலும் நாளை வரும். கொச்சியில் கடலோரமாக நின்ற வண்டிகளில் அடித்தகடு அரித்திருக்கும். அதனால் லிப்டில் ஏற்றிக் கீழே நின்று பார்ப்பது அவசியம். அந்த மெக்கானிக்குக் கூலி கொடுப்பது நீங்களாக இருக்கட்டும், விற்பவர் அழைத்துவரும் ஆளாக இருக்க வேண்டாம்.

எல்லை தாண்டும்போது சட்டம் என்ன கேட்கிறது

நீங்கள் கொழிஞ்சாம்பாறைக்காரர், வாங்குவது பாலக்காட்டின் கேஎல் 09 வண்டி என்றால் இந்தப் பகுதி உங்களுக்குத் தேவையில்லை. பெயர் மாற்றம் மட்டும் போதும். அதே வண்டியைப் பொள்ளாச்சிக்காரர் வாங்கினால் மூன்று வேலைகள் சேர்கின்றன: என்ஓசி, மறுபதிவு, வரி.

என்ஓசி என்பது 'இந்த வண்டி மேல் வரி பாக்கியோ வழக்கோ இல்லை, வேறு மாநிலத்துக்குப் போகலாம்' என்று பழைய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று. மோட்டார் வாகனச் சட்டத்தின் 48-ஆவது பிரிவு, படிவம் 28. கேரளத்தில் 2023 ஜூன் முதல் ஏஐ கேமராக்கள் அபராதம் போட்டுவருகின்றன. கம்பெனி வண்டியை ஓட்டுபவருக்கு நோட்டீஸ் நேராக வராது, அலுவலகத்தில் எங்கோ தூங்கும். நிலுவை இருந்தால் வேலை நிற்கும். எனவே பேரம் பேசும் முன்பே இ-சலான் தளத்தில் வண்டி எண்ணைப் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அப்புறம் காலக்கெடு. 50-ஆவது பிரிவின்படி வேறு மாநிலத்தவருக்கு விற்பவர் 45 நாளுக்குள் தன் ஆர்டிஓவுக்கு உரிய சான்றோடு தெரிவிக்க வேண்டும். வாங்கியவர் 30 நாளுக்குள் தன் பகுதி ஆர்டிஓவுக்குத் தெரிவிக்க வேண்டும். 47-ஆவது பிரிவு, 12 மாதத்துக்கு மேல் வேறு மாநிலத்தில் வைத்திருக்கும் வண்டிக்குப் புது எண் வாங்கச் சொல்கிறது. 'ஒரு வருஷம் டைம் இருக்கு' என்று பலர் சொல்வது இந்தப் பிரிவை வைத்துத்தான். அது எண் மாற்றத்துக்கான கெடு. பெயர் மாற்றத்துக்கு 30 நாள்தான். கேஎல் எண்ணோடு, பழைய கம்பெனி பெயரிலேயே வண்டியை வருடக்கணக்கில் பொள்ளாச்சியில் ஓட்டுவது, விபத்து நடக்கும் நாளில் இரு தரப்பையும் மாட்டிவிடும்.

மறுபதிவின்போது தமிழ்நாட்டு ஆயுள் வரியைக் கட்ட வேண்டும். வண்டியின் வயது ஏற ஏற அது குறையும். தரகர் சொல்லும் தொகையை நம்பாமல், ஆர்சி நகலோடு உங்கள் ஆர்டிஓ ஆபீஸில் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். கேரளத்தில் கட்டிய ஆயுள் வரியில் மீதிக் காலத்துக்கான பங்கைத் திரும்பக் கேட்டு விண்ணப்பிக்கவும் வழி உண்டு. அந்தத் தொகை யாருக்கு என்பதைப் பேரத்திலேயே பேசி எழுத்தில் வாங்கிவிட வேண்டும், பிறகு கேட்டால் கம்பெனியில் பதில் சொல்ல ஆளிருக்காது.

விற்பவர் ஒரு நிறுவனம் என்பதால்

தனிமனிதர் விற்றால் அவர் கையெழுத்து போதும். நிறுவனம் என்றால் கையெழுத்திடுபவருக்கு அந்த அதிகாரம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இயக்குநர் குழுத் தீர்மானம் அல்லது அதிகாரக் கடிதம், முத்திரை, பான் நகல் ஆகியவை பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30-ஓடு சேர வேண்டும். ஆர்சியில் வங்கிக் கடன் பதிவு இருந்தால் அதை நீக்கும் படிவம் 35-ம் வங்கியின் கடிதமும் தேவை. நிறுவனம் திவால் நடவடிக்கையில் இருந்தால், பழைய மேலாளர் போடும் கையெழுத்துக்கு மதிப்பில்லை. தீர்ப்பாயம் நியமித்தவர்தான் விற்க முடியும்.

இனி அந்த 18 சதவீத ஜிஎஸ்டி. இது முழு விலைக்கும் அல்ல. ஜிஎஸ்டி பதிவுள்ள நிறுவனம் விற்கும்போது, வருமான வரிக் கணக்கில் தேய்மானம் போக நிற்கும் மதிப்பைவிடக் கூடுதலாக விற்றால், அந்தக் கூடுதலுக்கு மட்டும். பத்து லட்சத்துக்கு வாங்கிய கார், ஆண்டுக்கு 15 சதவீதத் தேய்மானத்தில் ஐந்து ஆண்டு முடிவில் சுமார் 4,43,700 ஆகிவிடும். 4,20,000-க்கு விற்றால் லாபமே இல்லை, ஜிஎஸ்டியும் இல்லை. ஐந்து லட்சத்துக்கு விற்றால் 56,300-க்கு 18 சதவீதம், அதாவது ஏறக்குறைய 10,100 ரூபாய். 'விலை நாலு லட்சம், ஜிஎஸ்டி தனியாக எழுபத்திரண்டாயிரம்' என்று யாராவது சொன்னால் கணக்கைக் காட்டச் சொல்லுங்கள். கார் வாங்கியபோது கட்டிய ஜிஎஸ்டியைத் தன் வரியில் கழித்துக்கொண்ட (உள்ளீட்டு வரி வரவு எடுத்த) நிறுவனத்துக்கு இந்தச் சலுகை கிடையாது, முழு விலைக்கும் வரி வரும். வாடகைக்கு விடும் நிறுவனங்களில் இது நடக்கலாம்.

விலை உண்மையில் குறைவுதானா?

2025 செப்டம்பருக்குப் பிறகு ஒப்பீட்டின் அடிப்படையே மாறிவிட்டது. நான்கு மீட்டருக்குள் நீளமுள்ள, 1,200 சிசி வரை பெட்ரோல் அல்லது 1,500 சிசி வரை டீசல் கார்களுக்கு ஜிஎஸ்டி 18 சதவீதம் ஆனது. முன்பு 28 சதவீதமும் அதற்கு மேல் செஸ் என்ற கூடுதல் வரியும். புது வண்டியின் விலை இறங்கியதால் பழையதன் நியாய விலையும் இறங்க வேண்டும். 'நாங்க இதை வாங்கும்போது ஒன்பதரை லட்சம்' என்பது இனி பேரத்துக்கு அடிப்படை ஆகாது. இன்றைய ஷோரூம் விலையிலிருந்து தொடங்குங்கள்.

கீழே உள்ளவை எடுத்துக்காட்டுத் தொகைகள். உங்கள் வண்டிக்கான எண்களை இந்த இடங்களில் போட்டுக்கொள்ளலாம்.

1. கம்பெனி கார், ஒன்றரை லட்சம் ஓடியது: விலை 4,20,000. மறுபதிவு, வரி, அலைச்சல் 50,000. கிளட்ச், சஸ்பென்ஷன், டயர், பேட்டரி என முதல் வருடம் 80,000. மொத்தம் 5,50,000. ஐந்து ஆண்டு கழித்து விற்றால் 1,80,000 கிடைக்கும் என்றால், நிகரச் செலவு 3,70,000.

2. உள்ளூர் கார், 60,000 ஓடியது: விலை 6,00,000. பெயர் மாற்றமும் சிறு வேலைகளும் 30,000. மொத்தம் 6,30,000. ஐந்து ஆண்டு கழித்து 3,20,000-க்குப் போனால், நிகரச் செலவு 3,10,000.

ஒரு லட்சத்து எண்பதாயிரம் மலிவாகத் தெரிந்த வண்டி, முடிவில் அறுபதாயிரம் அதிகம் தின்றுவிட்டது. இந்த எண்களில் அதன் நியாய விலை 3,60,000. எதிர்பாராத பழுதுக்கான இடத்தையும் வைத்தால் இன்னும் சற்றுக் கீழே. ஆனால் அதே வண்டியை விற்காமல் ஓயும்வரை ஓட்டப்போகிறவருக்கு மறுவிற்பனை இழப்பு பெரிய விஷயமில்லை. அவர் கொஞ்சம் கூடுதலாகக் கொடுக்கலாம். ஆண்டுக்கு ஆறாயிரம் கிலோமீட்டர் மட்டும் ஓட்டும் வீட்டுக்கும் அப்படியே. ஆண்டுக்கு 25,000 ஓட்டுபவர் ஒன்றரை லட்சத்தில் தொடங்கினால் நான்கு ஆண்டில் இரண்டரை லட்சத்தைத் தொடுவார். அவருக்கு இந்த வண்டி பொருந்தாது.

பணம் கொடுக்கும் வரிசை

1. முன்பணம் சிறிய தொகையாக, நிபந்தனைகளை எழுதிய ரசீதோடு: சோதனையில் தேறாவிட்டாலோ என்ஓசி கிடைக்காவிட்டாலோ திருப்பித் தர வேண்டும்.

2. பெரிய தொகை நிறுவனத்தின் வங்கிக் கணக்குக்கு மட்டும் போகட்டும். மனிதவளப் பிரிவு ஆளோ டிரைவரோ 'என் நம்பருக்குப் போடுங்க' என்றால் மறுத்துவிடுங்கள். நிறுவனத்தின் இன்வாய்ஸ் கையில் வேண்டும்.

3. வண்டியை எடுக்கும்போது தேதி, நேரம், மீட்டர் எண் மூன்றையும் எழுதிய ஒப்படைப்புக் கடிதத்தில் இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். அந்த நிமிடத்துக்கு முந்தைய அபராதம் அவர்களுடையது, பிந்தையது உங்களுடையது.

4. இன்சூரன்ஸ் பெயர் மாற்றத்துக்கு 14 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். மூன்றாம் நபருக்கான காப்பீடு வண்டியோடு தானாகவே வரும். உங்கள் வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான காப்பீடு பெயர் மாறினால்தான் கைகொடுக்கும். நோ கிளெய்ம் போனஸ் (இழப்பீடு கேட்காத ஆண்டுகளுக்கான பிரீமியத் தள்ளுபடி) விற்றவரோடு போய்விடும். நிறுவனத்தின் பெயரில் இருந்த பாலிசியில் உரிமையாளர்-ஓட்டுநருக்கான தனிநபர் விபத்துக் காப்பீடு பெரும்பாலும் இருக்காது. அதைக் கேட்டுச் சேர்த்துக்கொள்ளுங்கள்.

5. கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பாஸ்டேக் கம்பெனியின் கணக்கோடு இணைந்தது. அதை அவர்களே மூடிவிட்டார்கள் என்று உறுதிசெய்து, உங்கள் பெயரில் புதிது வாங்கி ஒட்டிய பிறகு சுங்கச்சாவடிப் பக்கம் வண்டியை எடுங்கள்.